விடுமுறை விடுதியில் காலப்பங்கு: நிறுவனத்திடம் வாங்குவதா, கைமாறி வாங்குவதா?



சென்ற மாதம் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின், நம் ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் பள்ளிவாசல் முற்றத்தில் இரண்டு காகிதங்களை என்னிடம் நீட்டினார். முதல் காகிதம், வேலூரில் ஓர் ஓட்டலில் நடந்த கூட்டத்தில் ஒரு விடுமுறை விடுதி நிறுவனம் அவருக்குக் கொடுத்தது. 4,50,000 ரூபாய் செலுத்தினால் 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 7 இரவுகள், நாடெங்கும் உள்ள அந்நிறுவனத்தின் மலைவாச விடுதிகளில் குடும்பத்துடன் தங்கலாம் என்றது அது. இரண்டாவது காகிதம் வேலூரில் அவருக்கு அறிமுகமான ஒருவர் எழுதிக் கொடுத்தது. அவரிடம் அதே நிறுவனத்தின் உறுப்பினர் உரிமை இருக்கிறது. இன்னும் 11 ஆண்டுகள் பாக்கி. 1,10,000 ரூபாய்க்குத் தந்துவிடுவதாகச் சொல்கிறார்.

“ஹஜ்ரத், பொருள் ஒன்றுதான். விலை மட்டும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. எதை வாங்குவது? இது மார்க்கத்தில் கூடுமா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்” என்றார் அவர். மகளின் திருமணத்திற்கென ஒதுக்கி வைத்த தொகையிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பதாக இருந்தாராம். அதைக் கேட்ட பிறகு, ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இதே போன்ற அழைப்பு உங்கள் வீட்டிற்கும் வந்திருக்கலாம்.

விற்கப்படும் பொருள் எது?

டைம்ஷேர் என்னும் இந்தக் காலப்பங்கு வியாபாரம் 1960களில் ஐரோப்பாவில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் ஹாபிமாக் நிறுவனம் 1963-இல் உருவானது. ஒரு விடுதி அறையை ஒருவர் முழுவதுமாக வாங்குவதற்குப் பதிலாகப் பலர் சேர்ந்து ஆளுக்கு ஒரு வாரம் என்று பங்கிட்டுக்கொள்வதே அதன் அடிப்படை. 1974-இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற நிறுவனம் தோன்றி, ஓர் ஊரில் வாரம் வைத்திருப்பவர் வேறோர் ஊரில் வாரம் வைத்திருப்பவரோடு மாற்றிக்கொள்ள வழி செய்தது. நம் நாட்டில் 1986-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்டெர்லிங் நிறுவனம் இந்த வியாபாரத்தைத் தொடங்கி, கொடைக்கானலிலும் ஊட்டியிலும் விடுதிகளை எழுப்பியது. 1996-இல் கிளப் மஹிந்திரா வந்தது. ஆரம்பத்தில் 99 ஆண்டு என்று நீண்ட காலத்திற்கும் விற்றார்கள்; பிறகு 25 ஆண்டு என்பது பரவலான வழக்கமாயிற்று.

நம் பகுதி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பங்குக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கிணறு, அண்ணன் தம்பிகள் நால்வர். திங்கள் ஒருவருக்கு முறை, செவ்வாய் அடுத்தவருக்கு. தன் முறை நாளில் அவர் மோட்டார் போட்டு இறைக்கலாம். மற்ற நாளில் கிணற்றைத் தொடக்கூடாது. கிணறு தூர்ந்துவிட்டால் தூர் வாரும் செலவை நால்வரும் ஏற்க வேண்டும். டைம்ஷேரும் முறைக் கிணறு போன்றதுதான். ஆனால் பெரியதொரு வேறுபாடு உண்டு. கிணற்றுப் பங்கு நிலத்தோடு சேர்ந்து பத்திரத்தில் ஏறும். விற்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். இன்று நம் நாட்டில் விற்கப்படும் விடுமுறை உறுப்பினர் உரிமைகளில் பெரும்பாலானவை பத்திரத்தில் ஏறுவதில்லை. கட்டடமும் நிலமும் நிறுவனத்துடையவை. உங்களுக்குக் கிடைப்பது குறிப்பிட்ட காலம் தங்கிப் பயன்பெறும் உரிமை ஒன்றே. அந்த உரிமை இருப்பதும் நிறுவனத்தின் உறுப்பினர் பதிவேட்டில்தான். இதைக் கவனத்தில் வையுங்கள். கைமாறி வாங்குவதன் இலாபமும் ஆபத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

மார்க்கத்தின் பார்வையில்

பொருளை விற்பது வேறு, பொருளின் பயனை விற்பது வேறு என்று ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகப் பிரித்துப் பேசுகின்றன. பயனை விலைக்குக் கொடுப்பது இஜாரா எனப்படும். கூட்டாளிகள் ஒரு பொருளின் பயனை நாள் முறை வைத்து அனுபவிப்பதற்கு முஹாயஆ என்று பெயர். நபி ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்திற்கு நீர் அருந்த ஒரு நாளும், மக்களுக்குக் குறிப்பிட்ட ஒரு நாளும் என்று முறை வைக்கப்பட்ட செய்தியைச் சட்ட அறிஞர்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டுவர்.

டைம்ஷேர் குறித்தே, பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய தனது 18ஆவது அமர்வில் விவாதித்துத் தீர்மானம் வெளியிட்டது. பொதுப் பங்காக ஒரு சொத்தை வாங்கி அல்லது அதன் பயனைக் குறித்த காலத்திற்குக் குத்தகைக்கு எடுத்து, முறை வைத்துப் பயன்படுத்துவது கூடும் என்பது அதன் சாரம். பயனை மட்டும் விற்கும் ஒப்பந்தத்தில், கட்டடத்தைத் தாங்கி நிறுத்தும் அடிப்படைப் பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு. அன்றாட நடைமுறைச் செலவைத் தங்குபவர் மீது விதிக்கலாம் என்றும் அது வகைப்படுத்தியது. ஆகவே உங்கள் கையில் ஒப்பந்தம் வரும்போது, ஆண்டுக் கட்டணம் எதற்காக வசூலிக்கப்படுகிறது, அது எந்த அளவுகோலின்படி உயரும் என்ற இடத்தைத் தேடிப் படியுங்கள். நிறுவனம் விரும்பியபோது விரும்பிய அளவு உயர்த்தலாம் என்று அது திறந்து விடப்பட்டிருந்தால், அந்த ஒப்பந்தம் கரர் என்னும் அறியாமையை நோக்கிச் சாய்கிறது.

கைமாறி விற்பதில் ஒரு நுட்பம் உண்டு. குத்தகைக்கு எடுத்த பயனைத் தான் கொடுத்ததைவிட அதிக விலைக்கு வேறொருவருக்குக் கொடுப்பதை ஷாஃபிஈ மத்ஹபினர் அனுமதிக்கின்றனர். நம் வட ஆற்காட்டுப் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், தன் பங்கிற்கு எதையும் சேர்க்காமல் அதே நாணயத்தில் கூடுதலாகப் பெற்றால் அந்த அதிகத்தை ஸதகாவாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். இந்த மஸ்அலாவைக் கேட்டு யாரும் கலங்க வேண்டியதில்லை. டைம்ஷேரை வாங்கியதற்கு மேல் விற்று இலாபம் பார்த்த ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை!

வட்டி விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுக் கடக்கக் கூடியதன்று. கூட்டத்தில் சொல்லப்படும் மாதத் தவணையில் பெரும்பாலும் வட்டி சேர்ந்திருக்கும். “மாதம் இவ்வளவுதான்” என்ற பேச்சில் அது மறைந்துவிடும். தவணைகளின் கூட்டுத்தொகையும் ரொக்க விலையும் ஒன்றாக உள்ளனவா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தச் சகோதரரின் காகிதத்தில் அவை ஒன்றாக இல்லை.

புதுப் பட்டும் பழைய பட்டும்

புதிய உரிமையின் விலை ஏன் அவ்வளவு? கைமாறும் உரிமை ஏன் இவ்வளவு மலிவு? நம் ஊர் வியாபாரியே இதை விளக்கிவிட முடியும்.

தறியிலிருந்து இறங்கிய பட்டுச் சேலையின் விலையில் கச்சாப் பட்டு, ஜரிகை, நெசவுக் கூலி, வியாபாரியின் இலாபம் எல்லாம் அடங்கும். டைம்ஷேர் விலையிலோ மற்றொன்றும் பெரும் அளவில் அடங்கும். அது விற்பதற்கான செலவு. கடைவீதியிலும் பெட்ரோல் பங்க்கிலும் குலுக்கல் சீட்டு நிரப்ப வைப்பது, “உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது” என்று தொலைபேசியில் அழைப்பது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வரவேண்டும் என்று ஓட்டலில் கூட்டுவது, தேநீர், பரிசுப் பை, மூன்று மணி நேரம் பேசும் விற்பனையாளரின் கமிஷன் ஆகிய அனைத்தையும் கடைசியில் வாங்குபவர்தான் கொடுக்கிறார். நீங்கள் கையெழுத்திட்ட மறுநாளே அந்தச் செலவு உங்கள் உரிமையின் மதிப்பிலிருந்து கழன்றுவிடுகிறது. உங்களிடமிருந்து வாங்க வருபவருக்காக யாரும் ஓட்டலில் கூட்டம் நடத்துவதில்லை அல்லவா!

பழைய பட்டுப்புடவைக்குக்கூட ஒரு தரைவிலை உண்டு. ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக அதை எடைபோட்டு வாங்குவோர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். டைம்ஷேரில் உருக்கி எடுக்க ஜரிகை இல்லை. ஒவ்வோர் ஆண்டு கழியும்போதும் மீதி ஆண்டு குறைகிறது. 25ஆம் ஆண்டு முடிவில் மதிப்பு பூஜ்யம். அதற்கிடையே ஆண்டுக் கட்டணம் என்ற சுமை தொடர்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள், நோயுற்றவர்கள், போக நேரமில்லாதவர்கள் எல்லாரும் அந்தச் சுமையை இறக்கி வைக்க ஆள் தேடுகிறார்கள். விற்பவர் பலர், வாங்குபவர் சிலர். விலை வீழ்வது இதனாலேயே. இதில் விற்பவரின் கபடம் இருக்கிறது என்று எடுத்த எடுப்பில் ஐயப்படத் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அந்தச் சகோதரரின் எண்களையே எடுத்துக்கொள்வோம். நிறுவனத்திடம் வாங்கினால் 4,50,000 ரூபாயை 25 ஆண்டுகளால் வகுக்க, ஆண்டுக்கு 18,000. ஆண்டுக் கட்டணம் 20,000. ஆக 38,000 ரூபாய்க்கு 7 இரவுகள். ஓர் இரவிற்கு ஏறத்தாழ 5,430 ரூபாய்.

கைமாறி வாங்கினால் 1,10,000 ரூபாயும் பெயர் மாற்றக் கட்டணம் 15,000 ரூபாயும் சேர்ந்து 1,25,000. அதை 11 ஆண்டுகளால் வகுக்க, ஆண்டுக்கு 11,364. ஆண்டுக் கட்டணம் அதே 20,000. மொத்தம் 31,364, ஓர் இரவிற்கு ஏறத்தாழ 4,480 ரூபாய்.

நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்று மகிழ்ந்தோமே, ஓர் இரவிற்கு மிச்சமாவது 950 ரூபாய்தான்! காரணம், தள்ளுபடி முதல் விலைக்கு மட்டுமே கிடைக்கிறது. ஆண்டுக் கட்டணம் புதிய உறுப்பினருக்கும் பழைய உறுப்பினருக்கும் ஒன்றே. நான் மேலும் துருவிக் கேட்டபோது, வேலூர் நண்பர் இரண்டு ஆண்டுக் கட்டணம் செலுத்தாமல் விட்டிருப்பது தெரிந்தது. அந்த 40,000 ரூபாயையும் வாங்குபவர்தான் கட்ட வேண்டியிருக்கும். அதையும் சேர்த்தால் 1,65,000; ஆண்டுக்கு 15,000; கட்டணத்தோடு 35,000; ஓர் இரவிற்கு 5,000. இப்போது வித்தியாசம் 430 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

ஆயினும் இரவு ஒன்றுக்கு எவ்வளவு என்பதோடு கணக்கு முடிவதில்லை. எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டுப்படுகிறோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கட்டணம் உயரவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், புதிதாக வாங்குபவர் 25 ஆண்டுகளில் மொத்தம் 9,50,000 ரூபாய்க்குப் பொறுப்பேற்கிறார். கைமாறி வாங்குபவர், நிலுவையும் சேர்த்து, 3,85,000 ரூபாய்க்குப் பொறுப்பேற்கிறார். கட்டணம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் உயர்ந்தால், இன்றைய 20,000 என்பது 11ஆம் ஆண்டில் 32,500-ஐத் தாண்டும்; 25ஆம் ஆண்டில் 64,500-ஐ நெருங்கும். இன்று எட்டு வயதுள்ள பிள்ளை 11 ஆண்டு கழித்துக் கல்லூரியில் இருப்பான். அவனோடு மலைக்குப் போகும் காலம் அத்துடன் ஏறக்குறைய முடிந்துவிடும். மீதி ஆண்டு குறைவாக இருப்பது ஒரு குறை என்று நிறுவனத்தார் சொல்வார்கள். என் கருத்தில், கைமாறும் உரிமையின் சிறப்பே அதுதான்.

இரண்டு வழியிலும் எல்லாரையும் கவிழ்ப்பது வேறொன்று. ஆண்டு தவறாமல் போவோம் என்ற எண்ணம்தான் அது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் போக முடிந்தது என்றால், புதிதாக வாங்கியவருக்கு ஓர் இரவு 10,800 ரூபாயைத் தாண்டுகிறது. கைமாறி வாங்கியவருக்கு 10,000. பயன்படுத்தாத இரவுகளை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகச் சில திட்டங்கள் இடம் தரும்; அதற்கும் வரம்பு உண்டு. அந்தத் தொகைக்கு விடுமுறைக் காலத்தில் எந்த விடுதியில் என்ன அறை கிடைக்கும் என்பதை விசாரித்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். பயணச் செலவும் உணவும் இவற்றில் சேரவில்லை. உணவு என்றதும் ஒன்று: ஹலால் இறைச்சி குறித்து நமக்கு உறுதி தேவைப்படுவதால், அறையில் சமையலறை உண்டா, சமைக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்வது நலம். சில அறைகளில் இருக்கும், சிலவற்றில் இராது.

எந்தப் பருவம்?

பெரும்பாலான திட்டங்களில் ஆண்டின் வாரங்கள் தேவைக்கேற்ப வகை பிரிக்கப்பட்டிருக்கும். கிளப் மஹிந்திராவில் ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறங்கள். ஊதா உச்ச பருவம், நீலம் நெரிசலற்ற பருவம். குறைந்த நிறத்தை வாங்கியவர் தம் உரிமையைக் கொண்டு நேராக உச்ச பருவத்தில் இடம் கேட்க முடியாது. கைமாறி வரும் மலிவான உரிமைகளில் குறைந்த நிறத்தவை இருக்கலாம். விலையைப் பார்க்கும் முன் நிறத்தைப் பாருங்கள்.

நம் குடும்பங்களுக்கு இது வெறும் பெயர்ப் பிரச்சினை அன்று. பட்டு வியாபாரம் செய்பவர் முகூர்த்த மாதங்களிலும் தீபாவளிக்கு முன்பும் கடையை விட்டு அசைய முடியாது. ஆடியில் கை சற்று ஓயும். அப்போது மூணாறிலும் குடகிலும் கொட்டும் மழை, ஆகவே மலிவான பருவம். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதம். அது எல்லாரும் மோதும் உச்ச பருவம். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது. இத்துடன் நம் பிறைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ரமளான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னோக்கி நகர்கிறது. 2030 முதல் 2032 வரை டிசம்பர் கடைசி வாரம் ரமளானுக்குள் வரும். டிசம்பர் விடுமுறையை நம்பி வாங்குபவர் அந்த மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். மே மாத விடுமுறைக்கு அந்தச் சிக்கல் இன்னும் 20 ஆண்டுகளுக்கு இல்லை.

கைமாறி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளவும், சாட்சி வைக்கவும் குர்ஆனின் மிக நீண்ட வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. தெரிந்தவர்தானே என்று எழுதாமல் விடுவதே நம்மவர் பழக்கம். டைம்ஷேரில் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். ஏனெனில் இங்கே விற்பவரும் வாங்குபவரும் எழுதிக்கொள்வது மட்டும் போதாது. நிறுவனம் தன் பதிவேட்டில் பெயரை மாற்றினால்தான் உரிமை உங்களிடம் வந்து சேரும். அதுவரை உங்களிடம் இருப்பது ஒரு வாக்குறுதி மட்டுமே.

ஆதலால் முதலில் நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள். விற்பவர் தரும் தொலைபேசி எண்ணை நம்பாமல், நிறுவனத்தின் சொந்த எண்ணை நீங்களே தேடி எடுத்து, விற்பவரையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். உறுப்பினர் எண் உண்மையா, உரிமை எந்தத் தேதியில் முடிகிறது, அறை எந்த வகை, பருவம் எது, விலைத் தவணை பாக்கி உள்ளதா, ஆண்டுக் கட்டணம் நிலுவையா, வரும் ஆண்டின் இரவுகளை அவர் முன்பே பயன்படுத்திவிட்டாரா என்று கேளுங்கள். நிலுவை இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவர் கையொப்பமும் தேவை. பெயர் மாற்றத்தை நிறுவனம் அனுமதிக்கிறதா, கட்டணம் எவ்வளவு, முதல் உறுப்பினருக்குச் சலுகையாகக் கொடுத்தவை இரண்டாமவருக்கும் தொடருமா என்பதும் முக்கியம். வெளிநாட்டு விடுதிகளோடு மாற்றிக்கொள்ளும் வசதி சில ஒப்பந்தங்களில் கைமாறியவருக்குத் தொடர்வதில்லை. அல்லது தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். பழைய ஒப்பந்தமாக இருந்தால் அந்தக் காலத்து விதிகளோடு சேர்த்தே வாங்குகிறீர்கள். இடையில் நிறுவனத்தின் உரிமையே கைமாறியிருக்கலாம். ஸ்டெர்லிங்கைத் தாமஸ் குக் நிறுவனம் வாங்குவதாக 2014-இல் அறிவிப்பு வந்தது நினைவிருக்கும்.

பணத்தைப் பெயர் மாற்றம் முடிந்த பிறகு, வங்கி வழியாகவே கொடுங்கள். முன்பணம் கேட்டால் சிறு தொகை கொடுத்து, பெயர் மாற்றம் நிகழாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

விற்க நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. “உங்கள் உறுப்பினர் உரிமையை வாங்க ஆள் தயார், பதிவுக் கட்டணமும் வரியும் மட்டும் முன்னதாக அனுப்புங்கள்” என்று அழைப்பு வந்தால், அனுப்பாதீர்கள். உலகெங்கும் நடக்கும் மோசடி இது. மெக்சிகோவில் போதைப்பொருள் கும்பலே இத்தொழிலில் இறங்கி, முதிய அமெரிக்கர்களை ஏமாற்றியது. 2023-இல் அமெரிக்க நிதித்துறை அங்குள்ள நிறுவனங்கள் சிலவற்றின் மீது தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டநெறி, மறுவிற்பனை உண்மையில் நடந்து முடியும் முன் இடைத்தரகர் பணம் வாங்குவதையே தடை செய்கிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை.

நிறுவனத்திடம் வாங்குவதில் உள்ள ஒரு பாதுகாப்பு

ஒருபக்கம் மட்டும் பேசுவது நியாயமாகாது. நிறுவனத்திடம் வாங்குபவருக்குக் கைமாறி வாங்குபவருக்கு இல்லாத ஒன்று உண்டு: மனம் மாறினால் குறிப்பிட்ட சில நாட்களுக்குள் எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பைப் பல நிறுவனங்கள் தம் விதிகளில் வைத்துள்ளன. இது நமக்குப் புதிதன்று. ஹப்பான் பின் முன்கித் (ரலி) என்ற ஸஹாபி தலையில் பட்ட காயத்தால் வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துவிடுவார். அவர் எதை வாங்கினாலும் ஏமாற்று இல்லை என்று சொல்லிக்கொள்ளவும், மூன்று இரவுகள் வரை யோசித்துத் திருப்பிக் கொடுக்கவும் நபி (ஸல்) அவர்கள் உரிமை அளித்தார்கள். அந்த நாட்களை வீணாக்காதீர்கள். எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து, எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பதைக் கூட்டத்திலேயே கேட்டுக் குறித்துக்கொண்டு, வீட்டிற்கு வந்து மூத்தவர்களோடு கலந்து பேசுங்கள். கைமாறி வாங்குபவர் அப்படி ஒரு கெடுவை விற்பவரோடு தாமே எழுதிக்கொள்ளலாம். மூன்று நாள் வரை விருப்ப உரிமை வைத்துக்கொள்வதை நம் மத்ஹபுகள் அனுமதிக்கின்றன.

கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அது இல்லை என்றே எண்ணுங்கள். தகராறு வந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் ஆரணிக்காரர் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

“தங்காவிட்டால் பணம் திரும்ப வரும்” என்றால்

இதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விடுதியில் தங்குங்கள், தங்காவிட்டால் சில ஆண்டு கழித்துக் கூடுதலாகப் பணம் தருகிறோம் என்று யாரேனும் சொன்னால், அது டைம்ஷேர் அல்ல. மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் விடுதி இரவுகளை விற்பதாகச் சொல்லி, முடிவில் தொகையாகப் பெற்றுக்கொள்ளும் வழியும் காட்டி, 51 இலட்சத்திற்கும் மேற்பட்டோரிடம் பணம் திரட்டியது. அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் அது என்று கண்ட செபி, சுமார் 7,035 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு 2016 பிப்ரவரியில் உத்தரவிட்டது. உத்தரவு வருவதும் பணம் கைக்கு வருவதும் வெவ்வேறு என்பதை அந்தச் சிறு முதலீட்டாளர்கள் ஆண்டுக்கணக்கில் அனுபவித்தார்கள்.

மக்காவிலும் இப்படி ஒன்று விற்கப்பட்டது. ஹரம் ஷரீஃபை ஒட்டிய அப்ராஜுல் பைத் கட்டடங்கள் மன்னர் அப்துல் அஸீஸ் வக்ஃபு நிலத்தில் நிற்கின்றன. வக்ஃபு நிலத்தை விற்க முடியாது. ஆகவே ஸம்ஸம் கோபுரத்தில், 2000களின் முற்பகுதியில், குவைத்தின் முன்ஷஆத் நிறுவனம் 24 ஆண்டுகளுக்கு ஆண்டில் குறித்த வாரம் தங்கும் பயனை மட்டும் ஸுகூக் பத்திரங்களாக விற்றது. “மக்காவில் அறை மலிவாகக் கைமாறுகிறது” என்று யாரேனும் உங்களிடம் வந்தால், புண்ணிய பூமி என்ற பெயரில் உருகிவிடாமல், இன்னும் எத்தனை ஆண்டு மீதி, அது எந்த மாதத்து வாரம், விஸா கிடைக்குமா என்று கேளுங்கள். கால்வாசி ஆயுள் மட்டுமே மீதமுள்ள உரிமைக்கு முழு விலை கொடுக்க எந்த மார்க்கக் கடமையும் இல்லை.

நம் சகோதரரின் கதை என்னாயிற்று? திங்களன்று நிறுவனத்தாருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலூர் நண்பரிடம் நிலுவையில்லை என்ற கடிதத்தையும், பெயர் மாற்றத்திற்கு நிறுவனத்தின் ஒப்புதலையும் வாங்கித் தருமாறு கேட்டிருக்கிறார். நிலுவை 40,000 ரூபாயை விலையில் கழித்து 70,000-க்குத் தந்தால் யோசிப்பதாகவும் சொல்லியிருக்கிறார். இதை எழுதும் வரை அந்தக் கடிதம் வரவில்லை. மகளின் திருமணத் தொகை வங்கியில் அப்படியே இருக்கிறது.